சஃப்தர்ஜங் சாலை, எண் 1

காசிக்கும் கயாவுக்கும் போய்விட்டு டெல்லி வழியாகத் திரும்பும் தமிழ்நாட்டு யாத்திரைக் குழுக்களுக்கு ஒரே நாளில் தலைநகரைக் காட்டிவிட வேண்டும். செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், குதுப்மினார் என்று ஓடுகிற அந்தப் பட்டியலில் இந்திரா காந்தியின் வீடும் அநேகமாக இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பேருந்துகள் நிற்கும் சாலையோரத்தில் நம் ஊர்ப் பெண்களும் இறங்கி வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள்.

வெள்ளையடித்த ஒற்றைத் தள பங்களா. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் அதிகாரிகளுக்காகக் கட்டிய எத்தனையோ வீடுகளில் ஒன்று. முன்னால் புல்வெளி, சுற்றிலும் பெரிய மரங்கள். 16 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நாட்டை ஆண்டவரின் வீடு இவ்வளவுதானா என்ற வியப்பு வரிசையில் நிற்கும்போதே பலர் முகத்தில் தெரிகிறது.

இந்த வீடு இவருக்கு வந்த விதத்தில் ஒரு கதை இருக்கிறது. நேரு வாழ்ந்தது தீன்மூர்த்தி பவனில். பிரிட்டிஷ் இந்தியப் படைத் தளபதிக்காகக் கட்டப்பட்ட மாளிகை அது. தந்தைக்குத் துணையாக, வரும் விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டு மகள் அங்கே இருந்தார். 1964 மே 27-ல் நேரு மறைந்தார். மாளிகை அவருடைய நினைவகமாயிற்று. சாஸ்திரி அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான இந்திராவுக்கு சஃப்தர்ஜங் சாலை முதல் எண் வீடு ஒதுக்கப்பட்டது. அமைச்சர் ஒருவருக்கான வீடு, அவ்வளவுதான். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். அடுத்த எட்டாம் நாள் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. மொரார்ஜி தேசாய் 169, இந்திரா 355. அந்த 355-ஐத் திரட்டியவர் அன்றைய காங்கிரஸ் தலைவரான விருதுநகர் காமராஜர். ஜனவரி 24-ல் பிரதமராகப் பொறுப்பேற்ற பிறகும் இந்திரா வீட்டை மாற்றவில்லை. பக்கத்திலுள்ள அக்பர் சாலை முதல் எண் பங்களா அலுவலகமாயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தோட்டப் பாதை, ஒரு சிறு வாசல்.

உள்ளே நுழைந்ததும் புகைப்படங்களும் பத்திரிகைகளின் முதல் பக்கங்களும். 1917-ல் அலகாபாத் ஆனந்த பவனத்தில் பிறந்த குழந்தை, சிறைக்குப் போகும் தந்தை, காசநோயில் வாடும் தாய் கமலா, சாந்திநிகேதன், ஆக்ஸ்ஃபோர்டு, 1942-ல் பெரோஸ் காந்தியோடு திருமணம் என்று ஒரு வாழ்க்கை நகர்கிறது. அதைத் தாண்டினால் பதவிக் காலம். 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை. மன்னர் மானிய ஒழிப்பு. 1971 டிசம்பரில் பதின்மூன்று நாள் போர், டாக்காவில் சரணடைந்த சுமார் 93,000 பேர், பிறந்த புதிய நாடு. அந்த ஆண்டு அவருக்கு வழங்கப்பட்ட பாரத ரத்னா. 1974 மே 18, பொக்ரான் அணுச் சோதனை.

கூட்டம் இங்கெல்லாம் நிற்பதில்லை. எழுத்து அதிகம், வரிசை பின்னாலிருந்து தள்ளுகிறது. நிற்கத் தொடங்குவது குடும்பம் புழங்கிய அறைகள் வந்ததும்தான். படிப்பறை, வரவேற்பறை, சாப்பாட்டு அறை, பூஜை அறை எல்லாவற்றையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். சுவரோடு சுவராகப் புத்தக அலமாரிகள். ஆடம்பரம் என்று சொல்லும்படி ஏதுமில்லை. நம் ஊரில் ஒரு பழைய கல்லூரி முதல்வர் வீட்டுக் கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆட்சிகளைக் கலைத்த, போரை அறிவித்த, ஒரு கட்சியை இரண்டு முறை உடைத்த கை இந்த மேசையில்தான் கோப்புகளைப் புரட்டியது என்று நினைக்கும்போது உடம்பு ஒரு கணம் சிலிர்க்கிறது. இத்தனை சிறிய அறைக்குள் அத்தனை பெரிய அதிகாரம் இருந்திருக்கிறது. அருங்காட்சியகமாக மாறிய வீடு ஒன்று தரக்கூடிய மிகச் சிறந்த பாடம் இதுதான் என்பது என் எண்ணம். எந்தப் பாடப் புத்தகத்தாலும் இதைத் தர முடியாது.

பிறகு தோட்டப் பாதை.

கடைசி நடை

1984 அக்டோபர் 30 அன்று ஒடிசாவில் இருந்தார் இந்திரா. புவனேஸ்வர் கூட்டத்தில், தான் இறந்தாலும் தன் ரத்தத்தின் ஒவ்வொரு துளியும் நாட்டுக்கு வலுவூட்டும் என்ற பொருளில் பேசினார். இரவே டெல்லி திரும்பினார். மறுநாள் காலை நடிகரும் எழுத்தாளருமான பீட்டர் உஸ்தினோவ் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக அவரைப் பேட்டி காணக் காத்திருந்தார். அக்பர் சாலைப் பங்களாவின் தோட்டத்தில் கேமரா தயாராக இருந்தது. கறுப்புக் கரை போட்ட காவி நிறப் புடவை உடுத்தி, ஒன்பது மணி தாண்டி இந்திரா வீட்டிலிருந்து கிளம்பினார். வெயிலுக்குக் குடை பிடித்தபடி ஒரு காவலர், பின்னால் தனிச் செயலர் ஆர்.கே. தவன்.

சிறு வாசலில் நின்றவர் பியாந்த் சிங். டெல்லி காவல் துறையின் உதவி ஆய்வாளர், பல காலம் அவருடைய பாதுகாப்பில் இருந்தவர். அவர் கைத்துப்பாக்கியால் சுட்டார். அருகில் நின்ற இளம் காவலர் சத்வந்த் சிங் ஸ்டென் துப்பாக்கியைக் காலி செய்தார். அந்த ஜூன் மாதம்தான் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்திருந்தது. அதன் பிறகு சீக்கியக் காவலர்களை அவரது வீட்டுப் பாதுகாப்பிலிருந்து விலக்கலாம் என்று சொல்லப்பட்டபோது இந்திரா அதை ஏற்கவில்லை என்பது அக்காலத்தில் அவருக்கு அருகில் இருந்தவர்கள் பலரும் பதிவு செய்த செய்தி. மதத்தைப் பார்த்து மனிதர்களை விலக்கும் பிரதமராக இருக்க அவர் விரும்பவில்லை. அவர் செய்த பல காரியங்களோடு எனக்குக் கடும் மாறுபாடு உண்டு. இந்த ஒரு முடிவின் முன் தலை வணங்குகிறேன்.

மருமகள் சோனியா ஓடி வந்து, அம்பாசடர் காரின் பின்னிருக்கையில் அவரை ஏற்றிக்கொண்டு எய்ம்ஸ் மருத்துவமனைக்கு விரைந்தார். பயனில்லை. மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்த ராஜீவ் திரும்பி வந்து, அன்று மாலையே பிரதமராகப் பொறுப்பேற்றார்.

அந்தப் பாதையின் மீது இப்போது படிகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இருந்த காலத்தில் அது கொடுத்த அன்பளிப்பு. ஆறு ஓடுவதுபோல அலையலையாகச் செல்லும் கண்ணாடி, அவர் விழுந்த இடத்தில் மட்டும் தெளிந்த கண்ணாடியாகிறது. வரிசையில் அதுவரை கேட்ட பேச்சும் குழந்தைகளின் சத்தமும் இங்கே வந்ததும் அடங்கிவிடுகின்றன. சிலர் செருப்பைக் கழற்றுகிறார்கள். கும்பிடுகிறவர்களும் உண்டு. யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இங்கிருந்து சற்றுத் தொலைவில், ஜனவரி 30 மார்க்கில் இருக்கிறது பழைய பிர்லா இல்லம். 1948 ஜனவரி 30 மாலை காந்தி தன் அறையிலிருந்து பிரார்த்தனை மேடைக்கு நடந்த தடத்தை அங்கே கல்லில் காலடிகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது கொல்லப்பட்ட இருவருக்கும் நாம் கடைசி நடையையே நினைவுச் சின்னமாக்கினோம்.

புடவையின் முன்னால்

வீட்டுக்குள், கண்ணாடிப் பேழையில் அன்றைய புடவை இருக்கிறது. குண்டு துளைத்த ஓட்டைகள் தெரிகின்றன, கறை தெரிகிறது. அருகில் அன்று வைத்திருந்த பை, காலணி.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது முற்றிலும் புதிய காட்சி அல்ல. மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்து வைத்த காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்க்காத தென்மாவட்டத்துப் பிள்ளைகள் குறைவு. ஆனால் மதுரையில் அந்தத் துணிக்கு முன்னால் வந்து சேர்வதற்குள் இந்தியாவின் இருநூறு ஆண்டு வரலாற்றை அறை அறையாகக் கடந்து வந்திருப்போம். கட்டபொம்மனும் கும்பினியும் பஞ்சங்களும் உப்புச் சத்தியாகிரகமும் மனத்தில் ஏறிய பிறகே அந்தத் துணி கண்ணில் படுகிறது. எதற்காக இந்த மனிதர் உயிரைக் கொடுத்தார் என்ற கேள்விக்கு அந்த இடத்தில் பதில் இருக்கிறது. சஃப்தர்ஜங் சாலையில் புடவை மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. வீட்டைவிட்டு வெளியே வருகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் முதலில் வருவது புடவை, அடுத்தது கண்ணாடிப் பாதை. 1971 அநேகமாக யார் வாயிலும் வருவதில்லை.

தமிழர்கள் நின்றுவிடும் அறை

இன்னொரு பகுதி மூத்த மகன் ராஜீவுக்கு உரியது. சிரிக்கும் விமானியின் படங்கள், அவர் எடுத்த புகைப்படங்கள், குடும்பம். அவற்றைத் தாண்டினால் மீண்டும் ஒரு கண்ணாடிப் பேழை. கந்தலாகிப்போன வெள்ளை உடையின் மிச்சம், காலணிகள். இடம்: ஸ்ரீபெரும்புதூர். நாள்: 1991 மே 21.

இங்கே நம் குழுக்களின் நடை மாறுவதைக் கவனித்திருக்கிறேன். வடநாட்டவருக்கு ஸ்ரீபெரும்புதூர் செய்தியில் படித்த ஓர் ஊர்ப் பெயர். நமக்கு அது பூந்தமல்லி தாண்டினால் வருகிற ஊர், ராமானுஜர் பிறந்த ஊர், இன்று கார் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பேருந்துகள் ஓடுகிற ஊர். அன்றிரவு விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கிய ராஜீவ், ஸ்ரீபெரும்புதூரில் தாயின் சிலைக்கு மாலையிட்டுவிட்டு மரகதம் சந்திரசேகருக்காக வாக்குக் கேட்க மேடையை நோக்கிப் போனார். பத்து மணி இருபது நிமிட அளவில் குண்டு வெடித்தது. அவரோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களுமாகப் பலர் இறந்தார்கள். படமெடுக்க வந்த இளைஞர் ஒருவரும் அவர்களில் உண்டு. அவருடைய கேமரா மட்டும் கெடாமல் கிடந்தது, அதிலிருந்த பத்துப் படங்கள்தான் கொலையாளியை அடையாளம் காட்டின.

1987 ஒப்பந்தம், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அங்கே தமிழர்கள் பட்டது, அதன் பின் இந்தக் கொலை, தூக்குத் தண்டனைகள், முப்பது ஆண்டுக்கு மேல் நீண்ட சிறைவாசம், 2022-ல் உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்ற எழுவரையும் விடுவித்தது என்று எத்தனையோ நினைவுகளோடுதான் ஒரு தமிழர் அந்தக் காலணிகளைப் பார்க்கிறார். கண்ணாடிப் பேழையால் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. யாரும் அங்கே அதைப் பற்றிப் பேசிக்கொள்வதுமில்லை. மே 21 இரவு விடியும்வரை வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது, அவர்களுக்கு அந்த அறையில் நிற்பது எளிதல்ல. மகன் என்ற முறையில் தாயின் வீட்டில் வைக்கப்பட்டிருக்கும் அந்த உடைக்கு முன், அரசியல் கணக்குகளைப் பேசுவதும் சரியில்லை. துயரம் துயரம்தான்.

ஆனால் அந்தத் துயரம் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாகிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இருபத்தொரு மாதம்

இந்த வீட்டில் இருந்தபடிதான் 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைக்கான முடிவு எடுக்கப்பட்டது. அதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, ரேபரேலியில் அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தார். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். விடியும் முன் டெல்லிப் பத்திரிகை அலுவலகங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் வீட்டுக் கதவுகளைப் போலீஸ் தட்டியது. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் 1 லட்சத்துக்கும் மேல் என்பது பின்னர் ஷா கமிஷன் எடுத்த கணக்கு. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏழைகளின் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆண்களைப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள்.

தமிழ்நாட்டில் அது தாமதமாக வந்தது, கடுமையாக வந்தது. 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பிடிபட்ட தி.மு.க.வினர் சென்னை மத்தியச் சிறையில் அடிக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தக் காயங்களிலிருந்து மீளாமல் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது. இதே காலத்தில்தான் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. நீட் வரை இன்று நாம் வாதாடும் பல வழக்குகளுக்கு வேர் அங்கே இருக்கிறது. இரண்டு ஆண்டு முன்பே, 1974-ல், கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தமும் இந்த வீட்டுக்காரரின் கையெழுத்தில்தான் முடிந்தது. இந்திராவைப் பிரதமராக்கிய காமராஜர், 1969-ல் அவரைப் பிரிந்து, நெருக்கடி நிலை அமலில் இருந்த 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார்.

இவ்வளவுக்கும் இந்த நினைவகத்தில் கிடைக்கும் இடம், நாட்டின் வாழ்வில் அந்த இருபத்தொரு மாதம் பிடித்த இடத்துக்கு ஈடே இல்லை. நினைவு அறக்கட்டளை நடத்தும் வீடு, அன்புள்ளவர்கள் ஏற்படுத்தியது, அப்படித்தானே இருக்கும் என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது போதவில்லை. நாட்டின் பிரதமர் வாழ்ந்த வீடு அது. ஆயிரக்கணக்கான எளிய மக்கள் வரலாற்றைத் தேடி வருகிற வீடு. பலருக்கு அவர்கள் வாழ்நாளில் பார்க்கும் ஒரே அரசியல் அருங்காட்சியகம் இதுவாக இருக்கும். அவர்களுக்கு முழுக் கதையைக் கேட்கும் உரிமை உண்டு.

முழுக் கதையைச் சொன்னால் இந்திரா சிறுத்துவிடமாட்டார் என்பதும் உண்மை. தேர்தலை அறிவித்து 1977 மார்ச்சில் நடத்தியவரும் அவர்தான். ரேபரேலியிலேயே தோற்றார். வட இந்தியா அவரைத் துடைத்தெறிந்த அந்தத் தேர்தலில் தமிழ்நாடு அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 34 இடங்களைக் கொடுத்தது என்பதை நாம் நேர்மையாக நினைவில் வைக்க வேண்டும். தோற்ற சில மாதங்களில், பீகாரின் பெல்ச்சி கிராமத்தில் தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, ஆகஸ்ட் மழையில் ஜீப் போகாத பாதையில் யானை மீதேறிப் போய் அந்த மக்களைச் சந்தித்தார். அதே ஆண்டு மதுரைக்கு வந்தபோது கறுப்புக் கொடியும் கல்வீச்சும் எதிர்கொண்டன, பழ. நெடுமாறன் முதலியோர் தம் உடலால் மறைத்து அவரைக் காத்தார்கள். இரண்டே ஆண்டில் தி.மு.க. அவரோடு கூட்டணி வைத்து, நேருவின் மகளே வருக என்று வரவேற்றது. 1980 ஜனவரியில் இதே வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஜூனில் இளைய மகன் சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். இப்படி ஏறி, விழுந்து, தண்டிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை, குண்டுக்குப் பலியான அன்னையின் கதையைவிட எவ்வளவு பெரியது!

தொடர்ந்து வந்த மூன்று நாட்கள்

1984 அக்டோபர் 31-க்குப் பிறகு டெல்லியில் நடந்ததையும் அந்தக் கண்ணாடிப் பாதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நவம்பர் 1 முதல் திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற பகுதிகளில் சீக்கியர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். டயரைக் கழுத்தில் மாட்டி எரித்தார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. காங்கிரஸ்காரர்கள் சிலரே கும்பலை நடத்திச் சென்றார்கள் என்பது பின்னாளில் நீதிமன்றம் வரை போய், தண்டனையிலும் முடிந்தது. டெல்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. மதத்தைப் பார்த்துக் காவலர்களை விலக்க மறுத்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, மதத்தைப் பார்த்தே அத்தனை பேரைக் கொன்றார்கள். டிசம்பர் தேர்தலில் அனுதாப அலை ராஜீவுக்கு 400-க்கும் மேற்பட்ட இடங்களைக் குவித்தது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருக்க, தமிழ்நாடும் அதே அலையில் வாக்களித்தது. எரிந்த தெருக்களைப் பற்றி நம் ஊர் மேடைகளில் அன்று பேசியவர்கள் மிகக் குறைவு.

கொல்லப்பட்ட சீக்கியர்களுக்கும் டெல்லியில் ஒரு நினைவிடம் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு அருகே ரகாப் கஞ்ச் குருத்வாரா வளாகத்தில் 2017 ஜனவரியில் திறக்கப்பட்ட ‘சச் கி தீவார்’, உண்மையின் சுவர். இறந்தவர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். அரசு கட்டவில்லை, முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்த பிறகு சீக்கியர்களே கட்டிக்கொண்டார்கள். யாத்திரைக் குழுக்களின் பட்டியலில் அது இல்லை.

சஃப்தர்ஜங் சாலை வீட்டுக்கு அருகில் உள்ள மெட்ரோ நிலையம் லோக் கல்யாண் மார்க். அங்கே ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மத்தியச் செயலகம்; இறங்கி நடந்தாலோ ஆட்டோ பிடித்தாலோ குருத்வாராவுக்குப் போய்விடலாம். காலணியை வெளியே விட வேண்டும், தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே யார் போனாலும் லங்கரில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். நம் ஊரிலிருந்து குழுக்களை அழைத்துப் போகிறவர்கள், இந்திரா காந்தி வீட்டைக் காட்டிய கையோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.